பால் தங்காத உடம்பு

நஞ்சுண்டனுக்கு இரண்டு அண்ணன்கள் இருந்தார்கள். பெரியவர் நாற்பத்தாறு வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அடுத்தவர் நாற்பத்தேழில். கணபதி பகுதியில் லேத் பட்டறை வைத்திருந்த நஞ்சுண்டனுக்கு அப்போது நாற்பத்தைந்து. பயந்துபோய் ஒரு டாக்டரிடம் ஓடினார். கறி, முட்டை மட்டுமல்ல, பால், தயிர், நெய், மோர் எல்லாவற்றையும் விடச் சொன்னார் டாக்டர். நஞ்சுண்டனும் விட்டார். அதுதான் அவர் செய்த குற்றம்.

சாராயத்தை விட்டவனை ஊர் மெச்சும். பீடியை விட்டவனை முதுகில் தட்டிக் கொடுக்கும். பாலை விட்டவனை மட்டும் யாரும் மன்னிப்பதில்லை. எந்த வீட்டுப் படி ஏறினாலும் ஒரு சொம்பு மோர் முன்னால் வந்து நிற்கும். வேண்டாமென்றால், "எங்கூட்டு மோரு உங்களுக்கு எறங்காதுங்களா?" என்று முகம் சுருங்கும். ஒரு நாளைக்குக் குடித்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்ல வருஷம் பூராவும் யாராவது ஒருவர் இருந்தார். இப்படியே மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டார்.

இந்தச் சமயத்தில்தான் மகள் மோகனப்பிரியாவுக்குக் கருமத்தம்பட்டியிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பெயர் தீபக். அப்பா சென்னியப்பன் விசைத்தறிக்காரர். ஜாதகம் பொருந்தியது. அவர்கள் வந்து பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்துவிட்டது. இனி இவர்கள் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. சம்மதமென்றால் அங்கே காப்பியோ சாப்பாடோ வாங்கிக் கை நனைப்பார்கள். இல்லையென்றால் அவசர வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்துவிடுவார்கள். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

கருமத்தம்பட்டி போகிற பஸ்ஸிலேயே மனைவி முத்தாத்தாள் ஆரம்பித்துவிட்டாள்.

"ஏனுங்க, அங்க வந்து உங்க வைத்தியத்தை எடுத்து விட்டுப்போடாதீங்க. அண்ணனுங்க ரெண்டு பேரு போன கதை தெரிஞ்சா, நெஞ்சுவலிக் குடும்பம்னு ஒதுங்கிப் போயிருவாங்க."

"அப்பக் காப்பி குடுத்தா என்ன பண்ணட்டும்?"

"குடிங்க."

"மூணு வருசமா..."

"குடிங்கன்னாக் குடிங்க. உங்க புள்ளைக்குத்தானே?"

மாப்பிள்ளை வீட்டில் போய் உட்கார்ந்ததும் காப்பி வந்தது. எருமைப்பால் காப்பி, மேலே நுரை. அதைப் பார்த்ததும் நஞ்சுண்டனுக்கு இரண்டு அண்ணன்களின் முகமும் ஞாபகம் வந்தது. கை நீளவில்லை. "இன்னிக்குச் சனிக்கிழமைங்க. நான் விரதமுங்க" என்று சொல்லிவிட்டார். எவ்வளவு சாமர்த்தியமான பொய், யாருக்கும் வருத்தமில்லை என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார். அந்தப் பெருமை ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

"அட, மொதல்லயே சொல்லக்கூடாதுங்களா?" என்று பதறினாள் சென்னியப்பனின் மனைவி. "விரதத்துக்குப் பாலும் பழமும் ஆகுமுங்களே!"

ஆகத்தான் செய்யும். பால் ஆகாத விரதத்தை எந்தச் சாமியும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. உள்ளே போனவள் ஒரு பெரிய சொம்போடு வந்தாள். சுண்டக் காய்ச்சிய பால், நாட்டுச்சர்க்கரை, மேலே ஒரு கரண்டி நெய்.

"கறந்து ஒரு மணி நேரம் ஆகலைங்க. ஒரு சொட்டுத் தண்ணி கலக்கலைங்க."

கூடத்தில் இருந்த அத்தனை கண்களும் அவர்மேல். முத்தாத்தாள் கால் கட்டைவிரலால் அவர் பாதத்தை அழுத்தினாள். நஞ்சுண்டன் அண்ணாந்து, மூச்சு விடாமல், சொம்பைக் காலி செய்தார். சென்னியப்பனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நிச்சயதார்த்தத்தைத் தையிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று பேச்சு எடுத்தார்.

அரைமணி நேரம் போயிருக்கும். மூன்று வருஷமாகப் பாலையே பார்க்காத வயிறு கடகடவென்று புரண்டது. "கொல்லைப்பக்கம் எங்கீங்க?" என்று கேட்டுக்கொண்டு எழுந்தார். வந்து உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார். மூன்றாவது தடவை தீபக்கே வாளியில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தான். மருமகனாக வரப்போகிறவன் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டு நஞ்சுண்டன் ஓடினார். அதைவிடக் கேவலம் ஒரு மனுஷனுக்கு வேண்டியதில்லை.

நான்காம் நாள் தரகர் காளிச்சாமி பட்டறைக்குப் போன் போட்டார்.

"அவங்க வேண்டாங்கறாங்க. நீங்க கோவிச்சுக்கக் கூடாதுங்க."

"ஏனாமா?"

"ஒரு சொம்புப் பாலு தங்காத ஒடம்புன்னா, உள்ளுக்குள்ள ஏதோ பெரிய சீக்கு இருக்கோணும்ங்கறாங்க. ஆளும் எளைச்சுப் போயித்தானுங்களே இருக்கறீங்க."

நஞ்சுண்டனுக்கு ரத்தம் கொதித்தது. சீக்கா? யாருக்கு? தினமும் விடிகாலையில் சரவணம்பட்டி வரைக்கும் நடந்து திரும்புகிற அவருக்கா? போன மாதம்தான் ரத்தப் பரிசோதனை செய்து, இருபது வயசுப் பையன் ரத்தம் மாதிரி இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் முகத்துக்கு நேரே நீட்டலாமென்று எழுந்தார். நல்லா இருக்கிற மனுஷன் எதற்கு ரத்தம் சோதித்தான் என்று அடுத்த கேள்வி வருமே! உட்கார்ந்துவிட்டார். பிறகு ஆத்திரம் தாங்காமல் இரும்புத்தூள் டப்பாவை எட்டி உதைத்தார். கால் விரல் வீங்கியதுதான் மிச்சம்.

வீட்டில் முத்தாத்தாள் ஒரு பாடு அழுது, ஒரு பாடு திட்டி ஓய்ந்தாள். சாயங்காலம் ஒரு டம்ளரை அவர் முன்னால் நங்கென்று வைத்தாள். பாதி பால், பாதி தண்ணீர்.

"இன்னிக்கு இருந்தே கொஞ்சங் கொஞ்சமாப் பழகிக்குங்க. அடுத்த மாசம் பெருந்துறைக்காரங்க பொண்ணுப் பாக்க வாராங்க. அவங்கூட்டுக்கும் நாம போகோணுமல்ல?"

நஞ்சுண்டன் டம்ளரையே பார்த்தார். மெதுவாகக் கையில் எடுத்தார். மோகனப்பிரியா ஓடிவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாமுங்கப்பா. பெரியப்பாங்க ரெண்டு பேரும் போனது போதும். என் கல்யாணத்தன்னிக்கு நீங்க இருக்கோணும்."

"மொதல்ல கல்யாணம்னு ஒண்ணு நடக்கோணுமல்ல கண்ணு?" என்றாள் முத்தாத்தாள். குரல் உடைந்திருந்தது.

இரண்டு பேரும் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அதைத்தான் நஞ்சுண்டனால் தாங்க முடியவில்லை.