சமதர மாற்று

இரண்டாம் நாள் காலை, கொடைக்கானல் விடுதியில் தங்கபுஷ்பத்தின் கணவர் பால்துரை மாற்றப்பட்டிருந்தார். ஒன்று கிடைக்காவிட்டால் அதே தரத்தில் வேறொன்று தரலாம் என்று சுற்றுலா விதியில் இடம் உண்டு. முந்தின நாள் ஏரி கிடைக்காததால் அதே அளவுள்ள ஒரு மைதானத்தைக் காட்டினார்கள். எல்லோரும் அதில் படகு விட்டார்கள். யாரும் குறை சொல்லவில்லை.

கட்டிலின் மறுபக்கம் இருந்தவர் பால்துரையின் சட்டையைப் போட்டிருந்தார். அளவு சரியாக இருந்தது.

"அண்ணாச்சி, நீங்க யாரு?"

"செல்லையா. ஊரு சாத்தான்குளம். நேத்து மூணாறு டூர்ல இருந்தேன். முழிச்சா இங்கன இருக்கேன். தப்பா நெனைக்காதிய தாயி."

"எங்க வீட்டுக்காரவுக எங்க?"

"தெரியலம்மா."

கதவில் ஒரு பலகை தொங்கியது. குறை இருந்தால் உடனே சொல்ல வேண்டும். தாமதித்தால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் செல்லையா அப்போதுதான் இட்லியைப் பிட்டிருந்தார். சாப்பிடுகிறவர் காதுபட, இந்த ஆள் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. காத்திருந்தாள். அவருக்குப் பல் சரியில்லை. மெதுவாகத்தான் சாப்பிட்டார்.

அவர் கைகழுவப் போனதும் அவள் கீழே ஓடினாள். இறங்க இறங்க மாடிகள் கூடின. கடைசியில் படிக்கட்டுக்கு அடியில் டூர் மேனேஜர் காசிராஜன் உட்கார்ந்திருந்தார்.

"லேட்டா வந்திருக்கீங்களேம்மா."

"அவரு சாப்பிட்டு முடிக்கட்டும்னு இருந்தேன்."

"அதுக்குப் பேருதான் லேட்டு."

"எங்க வீட்டுக்காரவுகளை நான் ஒங்ககிட்டயா வாங்குனேன்?"

"பஸ்ஸு, ரூமு, சாப்பாடு, வீட்டுக்காரரு எல்லாம் ஒரே பேக்கேஜ். தனித்தனியா எடுத்திருந்தா நாங்க கையை விரிச்சிருப்போம். சேர்த்து எடுத்ததால எங்க பொறுப்பு. அதான் மாத்திக் குடுத்திருக்கோம்."

"எனக்கு அவுகதான் வேணும்."

"இவரு தரம் கொறைச்சலா? குறட்டை விடுறாரா?"

தங்கபுஷ்பம் யோசித்தாள். பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"இல்ல. நல்ல மனுசன்."

"பழையவரு?"

"விடுவாக."

"அப்ப தரம் கூடியிருக்கு. அதுக்கு நாங்க கூடுதலா எதுவும் கேக்க மாட்டோம். போயி பஸ்ல ஏறுங்கம்மா."

பஸ் ஊருக்குப் புறப்பட்டது. ஊர் கிடைக்காவிட்டால் அதற்கு இணையான ஊரில் இறக்கிவிடுவதாகக் காசிராஜன் அறிவித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஜன்னல் ஓரத்தில் செல்லையா குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். தங்கபுஷ்பத்தின் மடியில் பால்துரையின் மப்ளர் இருந்தது. அதை இறுகப் பிடித்துக்கொண்டே கொஞ்ச தூரம் வந்தாள். பிறகு நீட்டினாள்.

"காதைக் கட்டிக்கிடுங்க, அண்ணாச்சி."

"அவருக்குள்ளதுல்லா இது."

"அவுகளும் எங்கயோ ஒரு பஸ்லதான் இருப்பாக. பக்கத்துல யாராவது ஒருத்தி இருப்பாள்லா."

செல்லையா மப்ளரை வாங்கிக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்.

"எங்க வீட்டுக்காரி எங்க போனாலும் ஒரு கம்பளி கூடுதலா எடுத்துட்டு வருவா."

"அவுக பேரு என்ன?"

"ரத்தினக்கனி."

தங்கபுஷ்பம் கண்ணை மூடி, அந்தப் பெயரைச் சொல்லிக் கடவுளிடம் வேண்டிக்கொண்டாள். மலைப்பாதை இறங்குவதாகச் சொல்லிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தது.

செல்லையா கட்டியிருந்த மப்ளர் கோணலாக இருந்தது. பால்துரைக்கு இடது காதில்தான் முதலில் குளிர் ஏறும். அவள் எட்டி, இடது பக்கத்தை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடிவிட்டாள்.