ஒரு பக்கத்து மரங்கள்

தெருக்காரர்கள் அவளைத் தண்ணியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். "தண்ணியக்கா வந்தாச்சு" என்று யாராவது குரல் கொடுத்தால், புதிதாகக் குடிவந்தவர்கள் ஒரு மாதிரியாகத் திரும்பிப் பார்ப்பார்கள். பின்னால் லாரி வருவதைக் கண்ட பிறகுதான் அவர்கள் முகம் தெளியும். மாநகராட்சிப் பூங்காத் துறையில் மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றும் லாரியை அவள் பதினெட்டு வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தாள்.

தபால் நிலையத்துக்குப் பின்னால் போகும் நீளமான தெருவில்தான் தொல்லை ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் ஒரே வகை மரங்கள், ஒரே வருடம் நட்டவை. கிழக்குப் பக்கம் பச்சைப்பசேல் என்று இருக்க, மேற்குப் பக்கத்து மரங்கள் ஒவ்வொன்றாக இலை மஞ்சளித்து மேலிருந்து காய ஆரம்பித்தன. இரண்டு வருடத்தில் இருபத்து மூன்று மரங்கள் பாதி மொட்டையாகிவிட்டன.

துறையின் மேற்பார்வையாளர் கெட்டவர் இல்லை. ஊர் முழுக்க இருக்கும் மரங்களுக்கு அவரும் நான்கு ஆட்களும்தான். அந்தத் தெருவின் படங்களைப் பார்த்தார், வேரில் பூஞ்சை என்றார், எதிர்ப்பக்கத்துக்கும் தொற்றிவிடும் என்று பயந்தார். இருபத்து மூன்று அடிமரங்களிலும் சிவப்பு வண்ணத்தில் பெருக்கல் குறி விழுந்தது. அடுத்த திங்கட்கிழமை வெட்டு.

தண்ணியக்காவுக்கு மனசு ஒப்பவில்லை. அவள் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன டைரி இருக்கும். எந்த மரம் என்றைக்கு மஞ்சளித்தது என்று அதில் குறித்து வைத்திருந்தாள். முதலில் ஒன்பதாம் எண் மரம். அங்கிருந்து இரண்டு பக்கமும் பரவியிருந்தது. இவை தவிர முழுசாகவே செத்து எடுத்துவிட்ட இரண்டு மரங்களின் குழியில் போன வருடம் வேறு வகைக் கன்றுகளை வைத்தார்கள். மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. சுற்றியிருந்த புல்லும் போய்விட்டது. இதையெல்லாம் மேற்பார்வையாளரிடம் சொன்னாள்.

"அக்கா, உங்க சந்தேகத்தை வச்சுக்கிட்டு நான் வேலையை நிறுத்த முடியாது. எழுத்துல ஏதாவது கொண்டு வாங்க, பார்ப்போம்" என்றார் அவர்.

ஆளை அனுப்பிவைக்கத்தான் அப்படிச் சொன்னார். அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

எழுத்து என்றால் அவளுக்குத் தெரிந்த ஒரே இடம், கணவரின் தங்கை வேலை பார்க்கும் கல்லூரி நூலகம். அங்கே போவதுதான் கஷ்டமாக இருந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு குடும்ப விருந்தில் நாத்தனார் யாரிடமோ, அண்ணி லாரி ஓட்டுகிற விஷயத்தைத் தன் கல்லூரியில் யாருக்கும் சொன்னதில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது. அதிலிருந்து இருவருக்கும் இடையில் "சாப்பிட்டாச்சா" என்பதற்கு மேல் பேச்சில்லை. சண்டையும் இல்லை. சண்டை போட்டிருந்தால் எப்போதோ சரியாகியிருக்கும்.

புதன்கிழமை மதியம் வேலை முடிந்ததும் சீருடையோடே போனாள். பூட்ஸில் சேறு. நூலக வாசலில் நின்று அவற்றைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது நாத்தனாரே பார்த்துவிட்டாள். உள்ளே அழைத்துப்போய், அவள் சொன்னதை முழுக்கக் கேட்டாள். வெளியாள் கணினியில் உட்கார வேண்டுமென்றால் தலைமை நூலகரின் அனுமதி வேண்டும். நாத்தனார் அவர் மேசைக்குப் போய், அறையில் நாலு பேருக்குக் கேட்கிற குரலில் சொன்னாள்:

"இவங்க எங்க அண்ணி, சார். மாநகராட்சியில தண்ணி லாரி ஓட்டுறாங்க. ஒரு ஆராய்ச்சி விஷயமா வந்திருக்காங்க."

தண்ணியக்கா வருகையாளர் அட்டையை வாங்கிக் குத்திக்கொள்ளும்போது ஊசி இரண்டு தடவை நழுவியது.

ஜன்னலோரக் கணினியில் உட்கார்ந்தார்கள். சுற்றுச்சூழல் ஆய்வுக் கட்டுரைகள் மட்டுமே சேர்த்துவைத்திருக்கும் ஒரு தரவுத்தளத்தை நாத்தனார் திறந்தாள். மரம், தெரு, சாவு என்று ஆங்கிலத்தில் தட்டினாள். முப்பத்தெட்டாயிரம் கட்டுரைகள் வந்து நின்றன.

"இத்தனையையும் யாரு படிக்கிறது?"

"யாரும் படிக்க மாட்டாங்க அண்ணி. கம்ப்யூட்டருக்கு நம்ம கேள்வி புரியாது, வார்த்தைதான் தெரியும். நாமதான் சரியான வார்த்தையைக் கொடுக்கணும்."

தெரு, மரம் என்ற இரண்டையும் மேற்கோள் குறிக்குள் சேர்த்து ஒரே சொல்லாக்கினாள். நோய் என்று சேர்த்தாள். அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம் பூஞ்சைதான். வெள்ளைப் பூஞ்சை, கறுப்புப் பூஞ்சை, குடை பிடித்த பூஞ்சை. படங்களைப் பார்த்துப் பார்த்து இருவருக்கும் கையெல்லாம் அரிப்பது போல் இருந்தது. எதுவும் அந்தத் தெருவைப் போல் இல்லை. ஐந்து மணிக்கு விளக்கை அணைக்க வந்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை மதியம் மறுபடியும் போனாள். அன்றைக்கு நாத்தனார் கணினியைத் தொடவில்லை. முதலில் டைரியைக் கேட்டு வாங்கி, ஆரம்பத்திலிருந்து படித்தாள்.

"புல்லும் செத்துச்சா?"

"ஆமா. புல்லு, கன்னு, பெரிய மரம், எல்லாம்."

"ஒரே பூஞ்சை புல்லையும் கொன்னு, வேற ஜாதிக் கன்னையும் கொல்லுமா அண்ணி? நேத்து முழுக்க நாம 'நோய்'னு போட்டே தேடிட்டோம். உங்க மேற்பார்வையாளர் சொன்ன பதிலையே கேள்வியா மாத்திக் கேட்டிருக்கோம்."

நோயை எடுத்தாள். பூஞ்சை வேண்டாம் என்று கட்டளை கொடுத்தாள். பதிலுக்கு மண், வேர், மூச்சுத்திணறல் என்ற பொருளில் ஆங்கில வார்த்தைகளைப் போட்டாள். பட்டியல் இருநூற்றுச் சொச்சமாகச் சுருங்கியது. ஒவ்வொன்றின் சுருக்கத்தையும் நாத்தனார் தமிழில் சொல்லச் சொல்ல, தண்ணியக்கா இல்லை, இல்லை என்று தலையாட்டிக்கொண்டே வந்தாள். வெள்ளத்தில் நின்ற மரங்கள், இல்லை. சிமெண்ட் போட்டு மூடிய மரங்கள், இல்லை. பிறகு ஒரு கட்டுரை வந்தது. பழைய குப்பைமேட்டை மண் போட்டு மூடி, மேலே மரம் நட்டிருக்கிறார்கள். கீழே அழுகிய குப்பையிலிருந்து கிளம்பிய வாயு, மண்ணுக்குள் இருந்த காற்றை வெளியே தள்ளிவிட்டது. வேருக்கு மூச்சு விட வழியில்லை. முதலில் புல், பிறகு கன்றுகள், கடைசியில் பெரிய மரங்கள்.

"இதுதான். ஆனா நம்ம தெருவுக்கு அடியில குப்பை எதுவும் இல்லையே" என்றாள் தண்ணியக்கா.

"வேற என்ன இருக்கு?"

"என்ன இருக்கும், பைப்புதான். மூணு வருஷம் முன்னாடி கேஸ் பைப் போட்டாங்க. மேற்குப் பக்கமா..."

சொல்லி முடிக்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நாத்தனார் அவசரமாகத் தட்டினாள். தெருமரம், எரிவாயு, கசிவு. பதினேழு கட்டுரைகள். நான்காவது மிகப் பழையது, தட்டச்சில் அடித்து, கோணலாக நகலெடுத்தது. பக்க ஓரத்தில் யாருடைய கட்டைவிரலோ நிழலாகத் தெரிந்தது. ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு தெருவில், குழாய் பதித்த பக்கத்து மரங்கள் மட்டும் செத்த கதை. கசிந்தால் தெரியவேண்டும் என்று வாயுவில் கலக்கும் நாற்றத்தை மண் பிடித்துவைத்துக்கொள்ளும், அதனால் மேலே நடக்கிறவர்களுக்கு எதுவும் தெரியாமலும் போகலாம் என்று அதில் எழுதியிருந்தது. குழியில் தண்ணீர் நிரப்பினால் குமிழிகள் விடாமல் வரும் என்றும் இருந்தது.

நாத்தனார் அங்கிருந்தே எரிவாயு நிறுவனத்தின் அவசர எண்ணுக்குப் போன் செய்தாள். வாசனை வருகிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றதும், மூன்று வேலை நாட்களுக்குள் ஆள் வருவார் என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

"மூணு நாள் காத்திருக்க முடியாது. நீங்க இதை எடுத்துக்கிட்டு உங்க ஆபீஸுக்குப் போங்க" என்று அச்செடுத்த தாள்களை நீட்டியவள், என்ன நினைத்தாளோ, கைப்பையை எடுத்துக்கொண்டு தானும் கிளம்பினாள். "லாரியைத் தெருவுக்குள்ள கொண்டு போகாதீங்க அண்ணி. தீப்பொறி ஏதும் கூடாது."

மேற்பார்வையாளர் கிளம்பும் நேரம். நின்றபடியே படிக்க ஆரம்பித்தவர் இரண்டாம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நாத்தனார் ஆங்கில வரிகளை விளக்கப்போனாள். வேண்டாம் என்று கையால் நிறுத்தினார். முடித்ததும் டைரியைக் கேட்டார். ஒன்பதாம் எண்ணிலிருந்து பரவிய தேதிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

மூவரும் லாரியில் போய்த் தெருமுனையிலேயே இறங்கினார்கள். லாரியிலிருந்து இரண்டு வாளித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு தண்ணியக்கா நடந்தாள். ஒன்பதாம் மரத்தின் குழியில் மெதுவாக ஊற்றினாள். குமிழிகள் வந்தன. எந்த மண்ணிலும் முதலில் வரத்தான் செய்யும். ஐந்து நிமிடம் நின்றார்கள். பத்து நிமிடம். ஒரே இடத்திலிருந்து, அரிசி கொதிப்பது போல, நிற்காமல் வந்துகொண்டே இருந்தன.

மேற்பார்வையாளர் தள்ளிப்போய் எரிவாயு நிறுவனத்துக்குப் போன் செய்தார். தன் பதவியைச் சொன்னார், குரலை உயர்த்தாமல் பேசினார். இருபது நிமிடத்தில் வண்டி வந்தது. ஒருவர் இரும்புக் கம்பியால் மண்ணில் துளை போட்டு, வாயுக் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவியை இறக்கினார். அது கூவியது. அவர் பேச்சின் தோரணையே மாறிவிட்டது. அடுத்து மரத்தை ஒட்டியிருந்த மூன்றுமாடிக் கட்டடத்தின் மின்மீட்டர் அறைக்குள் அதை நீட்டிப் பார்த்தார்; அங்கேயும் கூவியது.

தண்ணியக்காதான் வீடு வீடாகப் போய் ஆட்களை வெளியே அழைத்தாள். அவள் முகம் எல்லோருக்கும் தெரிந்ததால் யாரும் மறுபேச்சு பேசவில்லை. குழந்தைகள், பூனைகள், சக்கர நாற்காலியில் ஒருவர் என்று தெருவே தபால் நிலைய வாசலுக்கு இடம்பெயர்ந்தது. மூன்று மணி நேரத்தில் குழாயை அடைத்தார்கள். ஒன்பதாம் மரத்துக்கு இரண்டடி தள்ளி, இணைப்பில் விரல் நீளத்துக்குப் பிளவு. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் என்று அந்தக் கருவிக்காரர் ஆரம்பித்தார், பிறகு பேச்சை மாற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை மேற்பார்வையாளர் வெட்டு உத்தரவை ரத்து செய்தார். தண்ணியக்காவைக் கூப்பிட்டு, "எழுத்துல கொண்டு வாங்கன்னு உங்களைத் தட்டிக்கழிக்கத்தான் சொன்னேன் அக்கா. நல்லவேளை, நீங்க புரிஞ்சுக்கல" என்றார்.

"புரிஞ்சுதுங்க. இருந்தாலும் போனேன்" என்றாள் அவள்.

மரங்கள் எல்லாமே பிழைக்கவில்லை. அதே கட்டுரைகளில் சொல்லியிருந்தபடி மேற்குப் பக்கம் முழுக்க ஆழமாகத் துளை போட்டு, மண்ணுக்குக் காற்றோட்டம் கொடுத்தார்கள். எட்டு மரங்கள் போய்விட்டன. ஒன்பதாம் எண்ணும் அதில் ஒன்று. மிச்சம் பதினைந்தும் அடுத்த பருவத்தில் துளிர்த்தன. சில கிளையெல்லாம் நிறைந்து, சில ஒரு பக்கம் மட்டும், முடிவெட்டிப் பாதியில் எழுந்து வந்த ஆள் மாதிரி.

அந்தச் சமயத்தில் தண்ணியக்கா வியாழக்கிழமை மதியங்களில் நூலகத்துக்குப் போவது வழக்கமாகியிருந்தது. மேற்பார்வையாளரே அந்த நேரத்தைப் பணி நேரமாக எழுதிக்கொடுத்தார். பாலத்துக்குக் கீழே இருக்கும் புல்வெளியில் தண்ணீர் ஏன் இறங்குவதில்லை என்று அவளுக்கு ரொம்ப நாளாக ஒரு கேள்வி இருந்தது. ஆங்கில வார்த்தைகளை நாத்தனாரிடம் கேட்டு டைரியில் எழுதிக்கொண்டு, இரண்டு விரலால் தானே தட்டினாள். முதல் தடவை ஒன்றுமே வரவில்லை. ஓர் எழுத்து பிழை. திருத்தினாள். அறுபத்து நான்கு வந்தன.

"படிச்சுச் சொல்லு" என்று தன் நாற்காலியை நாத்தனார் பக்கம் நகர்த்தினாள்.