பயத்துக்கு ஒரு ரொட்டி

மெக்சிகோ நகரத்து மொத்தச் சந்தையில் நான் வண்டி தள்ளுகிறவன். தக்காளிப் பெட்டிகளை ஆளுயரத்துக்கு அடுக்கிக்கொண்டு, "இடிச்சிரும், இடிச்சிரும்" என்று கத்திக் கூட்டத்தைப் பிளந்து போவதுதான் பிழைப்பு. விடிவதற்குள் பாதி உயிர் போய்விடும். மீதி உயிரைப் பிடித்து வைப்பது ஒப்துலியாக்கா கடைச் சோளக்கஞ்சி. பட்டை மணக்கும். கரண்டி நிற்கிற அளவுக்குச் சர்க்கரை இருக்கும்.

அந்த அக்காவுக்குத்தான், சந்தைக்குப் பக்கத்து மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை நோய் வாசல்வரை வந்து நிற்கிறது, இன்னும் உள்ளே வரவில்லை என்று சொன்னார்கள். அவளுடைய அம்மாவுக்கு அது உள்ளேயே வந்து, கடைசியில் ஒரு காலைக் கொண்டுபோனது. அக்காவுக்கோ நாளெல்லாம் நின்று விற்கிற தொழில். கால் போனால் கடையும் போச்சு.

எங்கள் ஆட்களிடம் இதற்கு ஒரு கணக்கு உண்டு. சர்க்கரை நோய் தின்பதால் வருவதில்லை, பயத்தால் வருவது. பெரிதாக ஒரு பயம் வந்தால் அது ரத்தத்தில் இறங்கிவிடும். அதனால் யார் பயந்தாலும் உடனே கையில் ஒரு ரொட்டியைக் கொடுத்துத் தின்னச் சொல்வோம். வெளுத்த முகத்தோடு மருத்துவமனையிலிருந்து வந்த அக்காவுக்கும் அதையே செய்தோம். என்னோடு வண்டி தள்ளும் செலெரினோ ஓடிப்போய் வாங்கி வந்தான். சர்க்கரை வரப்போகிறதே என்ற பயத்துக்கு ரொட்டி. அவளும் முழுசாகத் தின்றுவிட்டு மேலே ஒரு குவளை கஞ்சி குடித்தாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாது.

மருத்துவமனைக்காரர்கள் அவளை ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டிருந்தார்கள். எல்லாம் போனில்தான். வாரம் ஒருமுறை, வியாபாரம் ஓய்ந்த பிறகு. திரையில் கட்டம் கட்டமாக முகங்கள் வரும்: ஒரு பேருந்து ஓட்டுநர், தையல் வேலை பார்க்கும் அக்கா தங்கை, எந்நேரமும் கூரையை மட்டுமே காட்டும் ஒரு கிழவர். நடுவில் யரேலி என்கிற சின்ன வயது டீச்சர். அக்காவின் கை எப்போதும் மாவாக இருக்கும் என்பதால் போனைத் திறந்து வைப்பது என் வேலை ஆயிற்று. சாய்க்க வேறு இடமில்லை. சர்க்கரை டின்னில்தான் சாய்த்து வைப்பேன்.

வகுப்பு என்றதும் திட்டு விழும் என்று நினைத்தேன். அந்தப் பெண் திட்டவே இல்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். காலையில் முதலில் வாயில் வைப்பது என்ன, அதைக் கையில் கொடுப்பது யார், வேண்டாம் என்றால் யார் கோபித்துக்கொள்வார்கள் என்று. கஞ்சியை விட்டுவிடு என்று சொல்லவில்லை. பாதிச் சர்க்கரையில் கிண்டிப் பார்த்து ருசியைச் சொல்லச் சொன்னாள். நாளெல்லாம் நிற்கிறேனே, அது போதாதா என்று அக்கா மடக்கியபோது, நிற்கிறது வேறு, நடக்கிறது வேறு என்று சொல்லி, தானும் எழுந்து அறைக்குள்ளேயே நடந்துகொண்டு பாடம் நடத்தினாள். அன்றிலிருந்து அக்கா கடையை மூடியதும் வெங்காயக் கொட்டகையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள்.

"என்னக்கா, கடன்காரன் யாராச்சும் தொரத்துறானா?" என்பான் செலெரினோ.

"ஆமாண்டா, வாசல்ல நிக்கிறான். நீ குறுக்க வராத."

மழை பெய்தால் கொட்டகைக்கு உள்ளே நடந்தாள். இடுப்பு வலித்தால் மெதுவாக நடந்தாள். அவள் குடிக்கிற கோலா பாட்டில் கடையிலிருந்து காணாமல் போனது. சர்க்கரை குறைந்த கஞ்சிக்கு நாங்கள் முகம் சுளித்தோம், அவள் பட்டையைக் கொஞ்சம் கூட்டினாள், பிறகு பழகிவிட்டது. ஒருநாள் வகுப்பு நடுவில் போன் சரிந்து மாவுக்குள் விழுந்தது. டின் காலியாகி, சாய்ப்பதற்குக் கனமில்லை. மாசத்துக்கு இரண்டு டின் காலி செய்கிற கடை அது. இப்போது சின்னப் பொட்டலமாகவே சர்க்கரை வாங்கிக்கொண்டு, அதே காலி டின்னில் ஒரு செங்கல்லைப் போட்டு நிமிர்த்தி வைத்தாள்.

மறுபடி ரத்தம் பார்க்க வேண்டிய வாரம் வந்தது. அதற்கு முந்தைய வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது ஊரெல்லாம் நிலநடுக்கச் சங்கு அலறியது. போனுக்குள்ளும் அதே சங்கு. எல்லாக் கட்டங்களும் காலியாயின. நாங்களும் வெட்டவெளிக்கு ஓடினோம். கம்பங்கள் ஆடின, எங்கோ பெட்டிகள் சரிந்தன. பிறகு நின்றது. சேதம் ஒன்றும் இல்லை. ஆனால் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"போச்சுடா தீமோ. இத்தனை நாள் பட்ட பாடும் போச்சு. பயம் ரத்தத்துல எறங்கிருச்சு."

நடந்ததெல்லாம் வீண், இனி ரத்தம் கொடுக்கப் போவதில்லை, வகுப்பும் வேண்டாம், போனை அணைத்துவிடு என்றாள். செலெரினோ அதற்குள் ரொட்டியோடு வந்து அவள் கையில் வைத்துவிட்டான். நான் கடைக்குள் போய் அணைக்கப் பார்த்தேன். அணைக்கவில்லை. திரையில் முகங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. போனை அப்படியே அக்காவிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

எல்லோர் கையிலும் ரொட்டி. ஓட்டுநர் கையில், தையல்காரிகள் இருவர் கையில். கூரைக் கிழவர் கூட அன்றைக்குத்தான் முகத்தைக் காட்டினார், வாயில் ரொட்டியோடு. யரேலி டீச்சர் மட்டும் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

அக்கா உற்றுப் பார்த்தாள். "டீச்சர், பின்னாடி என்ன?"

அந்தப் பெண் கையை முன்னால் கொண்டுவந்தாள். கடித்த ரொட்டி.

"அம்மா குடுத்தாங்கக்கா. பயத்துக்கு."

முதலில் ஓட்டுநர் சிரித்தார், கிழவர் சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பயம் ரத்தத்தில் இறங்கிவிட்டது என்று அக்கா சொன்னபோது, டீச்சர் அதை மூடநம்பிக்கை என்று தள்ளவில்லை. பயந்தால் சர்க்கரை கொஞ்சம் ஏறும், பிறகு தானே இறங்கும், இத்தனை மாசம் நடந்த நடையை ஒரு நிமிஷத்து ஆட்டம் அழித்துவிடாது என்றாள்.

"சத்தியமா?"

"சத்தியமாக்கா. நீங்க போய் ரத்தம் குடுங்க. நான் பொய் சொன்னேனான்னு தெரிஞ்சிடும்."

அக்கா எழுந்து நின்றாள். கையிலிருந்த ரொட்டியைப் பாதியாகப் பிய்த்து, ஒன்றைச் செலெரினோவிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"சரி கண்ணு. நீயும் பாதியோட நிறுத்து. மிச்சத்த அம்மாகிட்டயே குடு. அவங்களும்தான பயந்திருப்பாங்க."

எத்தனையோ பேர் எத்தனையோ வகையில் உழைப்பதை இந்தச் சந்தையில் பார்த்திருக்கிறேன். நிலம் ஆடி அடங்கிய கையோடு தன் டீச்சருக்கே பாடம் சொன்ன பெண்ணை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த வாரம் மருத்துவமனைக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, அது வாசலை விட்டுத் தெருவுக்கு இறங்கிவிட்டது, ஆனால் தெருவிலேயேதான் நிற்கும், கதவைத் திறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். திரும்பும் வழியெல்லாம் அக்கா சந்தோஷத்தில் அழுதுகொண்டே வந்தாள்.

சந்தைக்குத் திரும்பியதும் அவள் முகத்தைப் பார்த்த செலெரினோ, என்ன ஏது என்று கேட்காமலே ரொட்டிக்கு ஓடினான். அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"ஓடாதடா. ஓடுறதுன்னா என்கூட வந்து நட."

மூன்று பேரும் வெங்காயக் கொட்டகையைச் சுற்றினோம். வருஷக்கணக்காகச் சுமை தள்ளிய கால் எனக்கு. ஆனாலும் அவளுக்கு ஈடு கொடுக்க முடியவில்லை.