மிக்ஸி ஓடும் நேரம்

மெயின் பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டூல் மேல் நின்றிருந்த மோகன்குமார், துணி கிளிப் போலிருந்த சென்சாரை ஒயரில் மாட்டினான். கீழே மேசையில், வீட்டில் ஓடும் கரண்டைப் போனுக்கு அனுப்புகிற சின்ன போர்டு ஒன்று பச்சை விளக்கைச் சிமிட்டியது. போனைப் பார்த்தான். ஃபிரிட்ஜ் ஓடுகிறது, ஃபேன் சுற்றுகிறது, போனில் மட்டும் பூஜ்யம்.

“என்ன சாமி காட்டுது?” என்றார் அப்பா மருதாசலம்.

“சைபருங்கப்பா.”

“ஊட்டுல ஒருத்தருமே இல்லீங்குதா?” என்று கேட்டு அவரே சிரித்துக்கொண்டார். மோகனுக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா வசந்தாமணி போய்ச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. தன்னோடு ஓசூருக்கு வந்துவிடுங்கள் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டாயிற்று. தோட்டத்தை விட்டு நகர மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

தப்பு எங்கே என்று புரிந்தது. கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறவன் செய்யக்கூடாத தப்பு. கரண்ட் போகிற ஒயரையும் திரும்புகிற ஒயரையும் சேர்த்துக் கவ்வ விட்டிருந்தான். அப்படி மாட்டினால் ஒன்றை மற்றொன்று அழித்துவிடும், கணக்கில் எதுவுமே வராது. ஒற்றை ஒயருக்கு மாற்றியதும் திரையில் கோடு துள்ளி எழுந்தது.

பிறகு ஒவ்வொன்றாக ஓடவிட்டு, எதற்குக் கோடு எவ்வளவு ஏறுகிறது என்று குறித்துக்கொண்டான். மோட்டார், அயர்ன்பாக்ஸ், கடைசியாக மிக்ஸி. வெறும் ஜாரை வைத்து ஓட்டச் சொன்னான். குடித்தனம் நடத்திய காலமெல்லாம் தண்ணீர் குடிக்க மட்டுமே சமையலறைக்குள் நுழைந்த மனுஷன், குமிழை எந்தப் பக்கம் திருகுவது என்று தெரியாமல் நின்றார்.

“சும்மா ஓட்டுனாலே உனக்கு அங்க தெரியுமா?”

“தெரியுமுங்கப்பா. நீங்க சமைக்கறது தெரிஞ்சா எனக்கும் நிம்மதி.”

“ம்.”

போனிலும் அவரிடமிருந்து இந்த ‘ம்’ தான் வரும். அந்த வீட்டில் பேசுகிற வேலையை அம்மா பார்த்துக்கொண்டாள். காரியம் எதுவும் இல்லாமல் பெற்ற பிள்ளைக்கே போன் போடுவது மருதாசலத்துக்குக் கூச்சம்.

மோகன் ஓசூர் திரும்பிய பின் சில நாள் காலையில் ஃபிரிட்ஜின் கோடு மட்டுமே ஊர்ந்தது. டீயும் பன்னுமாகக் காலத்தை ஓட்டுகிறார் என்று ஊகித்து, இவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு காலையில் மிக்ஸியின் கோடு எழுந்தது. உடனே கூப்பிட்டான்.

“என்ன சட்னிங்கப்பா?”

“தேங்கா. உப்புத்தான் கொஞ்சம் தூக்கல்.”

அன்றைக்கு அவர் போனை வைக்கவே இல்லை. தென்னையில் குரும்பை உதிர்வதைச் சொன்னார். பக்கத்துத் தோட்டத்துப் பாவாயி வீட்டு எருமை கன்று போட்டதைச் சொன்னார். மழை ஏமாற்றிவிட்டதைச் சொன்னார். அதன் பிறகு தினமும் காலையில் மிக்ஸி ஓடியது, மோகன் கூப்பிட்டான். அப்பா சமையல் பழகிவிட்டார் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டான்.

அவன் மனைவி ஜெயப்பிரியாதான் ஒருநாள் போனை வாங்கிப் பார்த்தாள்.

“ஏனுங்க, இதென்ன பலகையாட்டம் தட்டையா நிக்குது? சட்னின்னா நிறுத்தி, வழிச்சு உட்டு, தண்ணி ஊத்தி, மறுக்கா ஓட்டோணும். இப்பிடி ஒரே முட்டா யாருங்க அரைப்பாங்க?”

மோகன் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தான். தேங்காய்ச் சட்னி அரைத்த அந்த முதல் நாளின் கோடு மட்டும் ரம்பப் பல்லாக ஏறி இறங்கியிருந்தது. மற்றதெல்லாம், போர்டு மாட்டிய அன்றைக்கு வெறும் ஜார் ஓடியபோது வந்த அதே உயரம். நேற்று தக்காளி என்றாரே. முந்தாநாள் புதினா என்றாரே. அப்படியானால் இத்தனை நாளாக மனுஷன் எதைத்தான் சாப்பிட்டார்?

போனில் கேட்க மனம் வரவில்லை. சனிக்கிழமை முதல் பஸ் பிடித்தான். பரமத்தியில் இறங்கி, ஆட்டோவைத் தோட்டத்து முக்கிலேயே நிறுத்திவிட்டு நடந்தான். கிணற்றடி வரும்போதே மிக்ஸி சத்தம் கேட்டது. சுமையில்லாத கீச்சுக் குரல்.

சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தான். தோளில் சட்டை தொளதொளத்துத் தொங்க, அப்பா ஜார் மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அடுப்பின் மேல் பழைய பேப்பர் விரித்துக் கிடந்தது. பக்கத்தில் பாதி தின்ற பன். மோகனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பட்டினி கிடந்துகொண்டு என்னையா ஏமாற்றுகிறீர்கள் என்று கத்தப் போனான்.

மிக்ஸி நின்றது. அப்பா மூடியைத் திறக்கவில்லை. துண்டால் போனைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். போனையே பார்த்தார். பிறகு நடுக்கூடத்துப் போர்டின் பச்சை விளக்கை எட்டிப் பார்த்தார். எழுந்து வந்து, சேதி மகனுக்குப் போய்ச் சேரவில்லையோ என்கிற மாதிரி மறுபடியும் மிக்ஸியைப் போட்டார். இந்தத் தடவை கொஞ்சம் கூடுதலாக ஓடவிட்டு, மறுபடியும் போனோடு உட்கார்ந்துகொண்டார்.

அவர் தன்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்பது மோகனுக்கு அப்போதுதான் உறைத்தது. உள்ளே போகவில்லை. சுவரில் சாய்ந்து நின்று போனை எடுத்து அழுத்தினான். உள்ளே மணி அடித்தது. அப்பா உடனே எடுக்கவில்லை, தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தார்.

“சொல்லு சாமி.”

“என்ன சட்னிங்கப்பா இன்னிக்கு?”

“இன்னிக்கா...” என்று இழுத்த மருதாசலம், போனைக் காதில் வைத்தபடியே இன்னொரு கையால் மூடியைத் திறந்து, ஜாருக்குள் குனிந்து பார்த்தார்.