அங்க அடையாளம்

தாழ்மையைவிட உயர்ந்தது இந்த உலகத்தில் வேறொன்றும் இல்லை. அந்தத் தாழ்மையில் முதலிடம் யாருக்கு என்பதில்தான் சபைக்குள் மூன்று வாரமாக மனஸ்தாபம்.

கடல் தாண்டிப் போகிற பத்து நாள் ஊழியப் பயணம். போகிறவர்கள் எட்டுப் பேர். அங்கே ஒரு மலையடிவாரக் குடியிருப்பில் சுரங்கத் தொழிலாளர்களின் பாதங்களைக் கழுவித் துடைத்து, அன்பைக் காட்டிவிட்டு, பதினோராம் நாள் ஊர் திரும்ப வேண்டும். முதல் பாதத்தைக் குழுத் தலைவர் கழுவுவார் என்று ஏற்பாடு. அந்தப் படம்தான் பெரிதாக்கப்பட்டு ஆலய வாசலில் மாட்டப்படும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் படத்துக்குச் சட்டம் போடுகிறவனிடம் இரண்டு பேர் தனித்தனியாக அளவு கேட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஒருவர் பல் டாக்டர். இன்னொருவர் சூப்பிரண்டு.

சூப்பிரண்டு பதிவு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்று நான்கு வருஷமாகிறது. பதவி அவரை விடாமல் கூடவே வீட்டுக்கு வந்து தங்கிவிட்டது. காலையில் செய்தித்தாளைக்கூட மேலிருந்து கீழே பார்த்து, மூலையில் சின்னதாக ஒரு கோடு கிழித்துவிட்டுத்தான் வைப்பார். "முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல ஒரு காகிதத்தையும் படிக்காம கையெழுத்துப் போட்டதில்ல" என்பது அவர் வாயில் வாரத்துக்கு நாலு தடவையாவது வரும். எட்டுப் பேருடைய பயண விண்ணப்பங்களையும் அவரே நிரப்பினார். அங்க அடையாளங்கள் என்ற பகுதிக்கு வந்தபோது யார் பேச்சையும் நம்பவில்லை. கணக்கு டீச்சரின் கையை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்து, "வலது முழங்கையில் மிளகளவு மச்சம்" என்று எழுதினார். பல் டாக்டரின் நெற்றியில் ஒரு தழும்பைக் கண்டுபிடித்தார். அது தழும்பு இல்லை, சுருக்கம் என்று டாக்டர் சொன்னார். சூப்பிரண்டு தழும்பு என்றே எழுதினார்.

குழுவுக்கென்று சட்டை தைக்கக் கொடுத்ததும் அவர்தான். முதுகில் 'ஊழியன்' என்று அச்சடித்த வெள்ளைச் சட்டை ஏழு. அதே எழுத்தோடு நீலச் சட்டை ஒன்று. ஊழியர்களுக்குள் பெரிய ஊழியன் யார் என்று போகிற இடத்தில் தெரிய வேண்டாமா. நீலச் சட்டை அவருடைய அளவில் இருந்தது. தான்தான் தலைவர் என்று தம்பிக்கும் இரண்டு மைத்துனர்களுக்கும் போனில் சொல்லியும் ஆகிவிட்டது. போதகர் மட்டும் இன்னும் சொல்லவில்லை. சனிக்கிழமை ஒத்திகையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்தார்.

சனிக்கிழமை நாலு மணிக்கு ஆலயத்தின் பக்கத்துக் கூடத்தில் ஒரு நாற்காலி, ஒரு நீலப் பிளாஸ்டிக் பேசின், ஒரு குடம் தண்ணீர். எட்டுப் பேரும் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார்கள். அப்போதுதான் ஒரு சிக்கல் வெளியே வந்தது. கழுவுவதற்கு எல்லாரும் தயார். காலை நீட்டத்தான் ஆள் இல்லை.

"நான் உக்காந்தா நல்லாருக்காது" என்றார் பல் டாக்டர்.

"எனக்கு ரொம்பக் கூச்சம், யாராவது உள்ளங்காலத் தொட்டா எட்டி உதைச்சிருவேன்" என்றார் கணக்கு டீச்சர். "அப்புறம் பல்லு போச்சுன்னா டாக்டர்தான் கட்டணும்."

காவலாளியைக் கூப்பிட்டார்கள். அவர் வாசலிலேயே நின்றுகொண்டு, "என் காலுக்கு என்னங்க கொறச்சல்? நானே ரெண்டு வேளையும் கழுவுறேன்" என்று சொல்லிவிட்டுக் கேட்டுக்குப் போய்விட்டார். பல் டாக்டர் கையுறைப் பெட்டி ஒன்றைத் திறந்தார். கையுறை போட்டுக்கொண்டால் அது தாழ்மையா, சிகிச்சையா என்று கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. "வெறுங்கைதான்" என்று போதகர் முடித்தார். டாக்டர் பெட்டியை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அவருடைய உற்சாகம் பாதி அங்கேயே வடிந்துவிட்டதைச் சூப்பிரண்டு பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் சூப்பிரண்டின் மனைவி இரண்டு பைகளோடு உள்ளே வந்தாள். பைகளில் அறுபது துண்டுகள். எல்லாவற்றுக்கும் ஓரம் மடித்து அவள்தான் தைத்திருந்தாள். பயணத்துக்கு அவள் பெயர் கொடுக்கவில்லை. "அங்க உனக்கு என்ன வேல, வீட்ட யாரு பாக்கறது" என்று அவர் ஆரம்பத்திலேயே தீர்த்துவிட்டார்.

"நீ உக்காரு" என்றார் சூப்பிரண்டு.

"எதுக்குங்க?"

"காலக் கழுவத்தான். ஒத்திகை."

"வேணாங்க. வேற யாரையாவது பாருங்க."

"அவ எப்பவும் இப்படித்தான், பாஸ்டர். எல்லாத்துக்கும் கூச்சம்." அவள் கையிலிருந்த பைகளை வாங்கி வைத்து, தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். கட்டின மனைவியின் காலடியில் ஒரு சூப்பிரண்டு மண்டியிடுவது சாதாரணக் காட்சியா? டாக்டரின் முகம் வாடியது.

அவள் வலது பாதத்தைப் பேசினுக்குள் வைத்தாள். சூப்பிரண்டு தண்ணீரை மெதுவாக ஊற்றினார். அந்த நாட்டு மொழியில் உருப்போட்டு வைத்திருந்த வாக்கியத்தைத் தடுமாறாமல் சொன்னார். 'உங்களை எங்களுக்கு நன்றாகத் தெரியும், நீங்கள் எங்களுக்கு அருமையானவர்கள்' என்று அதற்கு அர்த்தம். குதிகால், விரலிடுக்கு, கணுக்கால் என்று வரிசை மாறாமல் கழுவித் துடைத்தார். போதகர் தலையசைத்தார்.

"அடுத்த கால்."

"ஒண்ணு போதுங்க."

"ரெண்டும்தாம்மா" என்றார் போதகர்.

அவள் சேலை விளிம்பைக் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டு இடது பாதத்தை வைத்தாள். சூப்பிரண்டு தண்ணீர் ஊற்றினார். விரலிடுக்குகளைத் தேய்த்துக்கொண்டே வந்த அவருடைய கட்டைவிரல் ஓரிடத்தில் நின்றது. அங்கே இடுக்கு இல்லை. நான்காவது விரலும் சுண்டுவிரலும் நகம்வரை ஒட்டி ஒரே விரல் மாதிரி இருந்தன. அவர் பாதத்தைச் சற்றுத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது எப்ப ஆச்சு? எதுலயாவது இடிச்சிக்கிட்டியா?"

அவள் அவருடைய தலை உச்சியைப் பார்த்தாள். "இல்லங்க."

"டாக்டர்ட்டயாவது காட்டியிருக்கலாம்ல."

"பொறந்ததுலேர்ந்து அப்படித்தாங்க."

பல் டாக்டர் சுவர்க் கடிகாரத்தை ஆராய்ந்தார். போதகர் இருமினார்.

"உங்களுக்குக் கல்யாணமாகி எத்தன வருஷங்க்கா?" என்று கேட்டார் கணக்கு டீச்சர். கணக்கு அவருடைய தொழில்.

"வர்ற மாசம் முப்பத்து மூணு."

சூப்பிரண்டு பாதத்தைத் துடைத்தார். வாக்கியத்தை இன்னொரு முறை சொல்ல வேண்டிய இடம் அது. சொல்லவில்லை.

அதற்கப்புறம் டாக்டரின் முறை. மண்டியிட்டவருக்குத் திரும்ப எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கினார்கள். ஆகவே போதகர் சூப்பிரண்டின் பெயரையே தலைவராக அறிவித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். கணக்கு டீச்சர் கொஞ்சம் அதிகமாகவே தட்டினார்.

வீட்டுக்கு நடக்கையில் அவர் நான்கடி முன்னால் போனார். பிறகு நின்று, அவள் வரட்டும் என்று காத்திருந்தார். அப்படி நின்றது இருவருக்குமே புதிதாக இருந்ததால் அவளும் சற்றுத் தள்ளியே நின்றாள். மறுபடி அவர் நடந்தார்.

வீட்டில் அவள் நனைந்த துண்டுகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் கதவோரம் வந்து நின்றார்.

"இத்தன வருஷத்துல ஒரு வார்த்த சொல்லலியே நீ."

"இதுல சொல்றதுக்கு என்னங்க இருக்கு. காலு எங்கயும் போகல, இங்கதான இருந்துச்சு."

கொடியில் இன்னொரு துண்டு விழுந்தது.

"பிள்ளைங்க யாருக்காவது..."

"சின்னவளுக்கு இருக்கு. அதே காலு."

"அது தெரியும்" என்றார் சூப்பிரண்டு.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் உள்ளே போய் மேஜைமேல் நீலச் சட்டையைத் தள்ளிவைத்துவிட்டுத் தன்னுடைய பயண விண்ணப்பத்தை எடுத்தார். அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் என்ற இடம் மட்டும் பாக்கி இருந்தது. சின்னவள் பெயரைத்தான் எழுதுவதாக இருந்தார். பெயர் பள்ளிச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும் என்று இழுப்பறையிலிருந்து அவளுடைய கோப்பை வெளியே எடுத்தார். அது ஒரு காரணம். சான்றிதழுக்குக் கீழே, பழுப்பேறிப்போய், பள்ளியில் சேர்க்கும்போது கொடுத்த விண்ணப்பத்தின் நகல் இருந்தது. நிரப்பியிருந்தவள் மனைவி. பெயர், பிறந்த தேதி, தந்தையின் தொழில். அங்க அடையாளங்கள் என்ற இடத்தில், இடது காலில் நான்காம் விரலும் ஐந்தாம் விரலும் ஒட்டியவை என்று குண்டு குண்டாக எழுதியிருந்தாள்.

அதற்கு நேர் கீழே, 'மேற்கண்ட விவரங்களைப் படித்துச் சரிபார்த்தேன்' என்ற வரியின் பக்கத்தில், தேதியோடு சூப்பிரண்டின் கையெழுத்து இருந்தது.