முதுகுக்குப் பின்னால் ஆட்டம்

கல்லூரி வாலிபால் அணிக்காகக் கத்துகிற கோஷ்டியில் சேர விரும்பும் பையன்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஆட்டத்தைப் பார்க்க முடியாது என்பதுதான். மைதானத்துக்கு முதுகைக் காட்டி, கேலரியைப் பார்த்து நிற்க வேண்டும். பந்து எங்கே போகிறது என்பதை எதிரே இருக்கும் நானூறு முகங்களிலிருந்து படித்துக்கொள்ள வேண்டும். பந்து வலையைத் தாண்டினால் நானூறு தலைகளும் ஒரே பக்கம் திரும்பும். நம் பையன் அடிப்பதற்கு எழும்பினால் முகவாய்கள் உயரும். அடி விழுந்ததா, வீணானதா என்பது உதடுகளில் தெரியும். பழகிவிட்டால் திரும்பிப் பார்க்கவே தோன்றாது.

1973-ல் நான் சேர்ந்தபோது இது எனக்குத் தெரியாது. உண்மையில் நான் ஆடத்தான் போனேன். தேர்வு அன்று இரண்டாவது பந்தையே மூக்கால் வாங்கினேன். உடற்பயிற்சி ஆசிரியர் என்னை நிழலில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்த இடத்திலிருந்து மற்றவர்களுக்காகக் கத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒல்லியாக ஒருவன் வந்து குந்தினான். என்னைவிட ஒரு வருஷம் மூத்தவன். பெயர் தங்கவேல், வீடு கோட்டூர்புரம் ஆற்றங்கரை.

"நைனா, தொண்டை சூப்பரா கீது. ஆனா நீ கத்திக்கினு கீற கத்துக்கு நாளைக்கு காத்துதான் வரும்."

அன்றே என்னைச் சேர்த்துக்கொண்டான். ஐந்து பேர் கொண்ட அந்தக் கோஷ்டிக்கு 'சியர் பார்ட்டி' என்று அவனே பெயர் வைத்திருந்தான். மற்றவர்கள் 'கூப்பாட்டு கம்பெனி' என்றார்கள்.

வீட்டில் மட்டும் வேறு கதை. அப்பா கனகராஜுக்கு ரங்கநாதன் தெருவில் பாத்திரக்கடை. கல்லூரி விட்டதும் நான்கு மணிக்கு நான் கடையில் நிற்க வேண்டும் என்பது திருநெல்வேலியிலிருந்து பட்டணத்துக்கு வந்த நாள் முதல் எங்கள் குடும்பத்தின் ஏற்பாடு. "காலேஜ் டீம்ல எடுத்திருக்காங்கப்பா, சாயங்காலம் பிராக்டிஸ்" என்று சொல்லிவிட்டேன். அப்பா ஒரு சருவப் பானையைத் துடைத்து முடிக்கும்வரை யோசித்தார்.

"சரி, போ. ஆடுதவன் ஒழுங்கா ஆடணும். சும்மா நின்னு வேடிக்கை பாக்கதுக்குன்னா கடையிலயே நிக்கலாம்."

அம்மா தங்கபுஷ்பம் அதை இன்னும் தீவிரமாக எடுத்துக்கொண்டாள். ஆடுகிற பிள்ளைக்குத் தோளும் இடுப்பும் உரமாக வேண்டுமென்று தினமும் காலையில் உளுந்தங்களி கிண்டினாள். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்ந்து பளபளவென்று உருண்டை உருண்டையாக இருக்கும். பொய் சொல்லிவிட்டு அதை விழுங்குவது சிரமம்தான். ஆனாலும் மூன்று உருண்டை உள்ளே போய்விடும்.

அந்தக் களி வீண்போகவில்லை. நம் அணி ஒரு செட்டை ஜெயித்தால் ஒருவன் இன்னொருவன் தோளில் ஏறி நின்று கத்த வேண்டும் என்பது தங்கவேலின் திட்டம். ஏறுகிறவன் அவன், தாங்குகிறவன் நான். கீழே நிற்பவன் இடுப்பை வளைக்கவே கூடாது. முட்டியை மடக்கி, காலைத் தோளளவு அகட்டி, முதுகை நேராக வைத்திருந்தால் பாரம் எலும்பின் வழியாகத் தரைக்குப் போய்விடும். ஏறுகிறவன் முதலில் தொடையில் கால் வைத்து, பிறகு தோளுக்குப் போக வேண்டும். மேலே நின்றதும் கீழே பார்க்கக் கூடாது. பார்த்தால் அவன் கால் நடுங்கும்; அந்த நடுக்கம் தாங்குகிறவன் பல்வரை வரும். முதல் வாரம் இருவரும் ஏழு முறை விழுந்தோம். அதனால் புதிதாகச் செய்கிறவர்கள் மணலில் மட்டும் பழகவும்.

கத்துவதற்கும் ஒரு கணக்கு உண்டு. தொண்டையால் கத்தினால் அரை மணியில் முடிந்துவிடும். அடிவயிற்றில் கையை வைத்துப் பார்த்தால் குரலோடு வயிறும் உள்ளே போக வேண்டும். தங்கவேல் இதை அவன் அம்மா தேவானையிடமிருந்து தெரிந்துகொண்டான். அவன் சின்ன வயதில் அடையாற்றின் அக்கரையில் ஆடிக்கொண்டிருப்பான். இக்கரையிலிருந்து அவள் சோற்றுக்குக் கூப்பிட்டால் தண்ணீர் தாண்டிக் கேட்கும். "எங்கம்மா சத்தமே போடாது மச்சி. 'வேலூ'ன்னு அந்த ஊவைத்தான் இழுக்கும். அதுவே நடந்து வந்து என் காதைப் புடிச்சிக்கும்." நான் இயற்பியல் மாணவன். யோசித்துப் பார்த்தால் அவள் செய்தது சரி. நீண்ட உயிரொலிதான் தூரம் போகும். வெடித்து நின்றுவிடும் ஒலிகள் பாதி வழியில் கரைந்துவிடும். ஆகவே நீட்ட இடமிருக்கிற சொல்லாகப் பார்த்துக் கோஷம் கட்டினோம்.

நானூறு பேரை ஒன்றாகக் கத்த வைப்பது எப்படி? நானூறு பேரையும் பார்க்கக் கூடாது. மூன்று பேரைப் பார்க்க வேண்டும். எந்தக் கேலரியிலும் கூச்சமில்லாத மூன்று பேர் இருப்பார்கள். அவர்கள் கண்ணைப் பிடித்துவிட்டால் அவர்கள் பக்கத்து ஆளைப் பற்றவைப்பார்கள். கோஷத்தின் ஒரு வரியைச் சொன்னதும் ஒரு மூச்சு இடைவெளி விட வேண்டும். கூட்டம் பெரிது, வாய் திறக்கச் சற்று நேரம் பிடிக்கும். அவசரப்பட்டு அடுத்த வரிக்குப் போகிறவன் தனியாகக் கத்திக்கொண்டிருப்பான்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது மௌனம். யார் சர்வீஸ் போட்டாலும் நாங்கள் கத்துவதில்லை. தலைவன் வலது கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, உள்ளங்கையை விரித்துப் பிடிப்பான். கேலரி அடங்கிவிடும். பந்து கையைவிட்டுப் போனதும் கை இறங்கும், சத்தம் எழும். எதிரணிக்காரன் சர்வீஸ் போடும்போது கத்தி அவனைக் கலைப்பது கேவலம் என்பது தங்கவேலின் கட்சி. "அப்டி ஜெயிக்கிறதுக்கு நாம எதுக்கு மச்சி? நாலு தகர டப்பா போதுமே."

1974 ஜனவரியில், பொங்கல் முடிந்த அடுத்த வாரம், எங்கள் அணி கல்லூரிகளுக்கிடையிலான போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. மயிலாப்பூரில் ஒரு மைதானம். மாலை நான்கு மணி. தங்கவேலுக்கு ஜலதோஷம் பிடித்துக் குரல் கரகரத்ததால் அன்றைக்குத் தலைவன் நான். வெள்ளை பேண்ட், நீல பனியன், வாயில் வைத்துக் கத்தக் கையில் தகரக் குழல்.

இரண்டாவது செட் தொடங்கும்போது கூச்சமில்லாத மூன்று பேரைத் தேடி கேலரியில் கண்ணை ஓட்டினேன். மேல் வரிசையில், பையன்களுக்கு நடுவே, இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்று அம்மா. இன்னொன்று அப்பாவின் அக்கா, பொங்கலுக்கு ஊரிலிருந்து வந்திருந்த இசக்கியம்மாள் அத்தை. நடுவில் ஒரு தூக்குவாளி.

என் வயிறு தானாகவே உள்ளே போனது.

மயிலாப்பூரில் ஃபைனல் என்று வீட்டில் நானே சொல்லியிருந்தேன். தை மாதம், முகூர்த்த சீசன். சீர்ப் பாத்திரம் வாங்கக் கூட்டம் வரும் என்பதால் அப்பாவால் கடையை விட்டு வர முடியாது. 'நீங்க ரெண்டு பேரும் போயி அவன் ஆடுததைப் பாத்துட்டு வந்து சொல்லுங்க' என்று அனுப்பியிருப்பார். ராத்திரி இவர்கள் போய்ச் சொல்லப் போவது என்ன? அவன் ஆடவே இல்லை, பனியன் போட்டுக்கொண்டு நின்றான் என்பதுதானே? மறுநாளிலிருந்து நான்கு மணிக்குக் கடை.

ஆட்டக்காரனாக இருந்தால்கூட முகத்தை மறைத்துக்கொள்ளலாம். அந்த மைதானத்தில் கேலரியைப் பார்த்து நிற்கிற ஐந்து பேருக்கும் முன்னால் நிற்கிறவன் நான்.

"தங்கவேலு, எங்க அம்மா வந்திருக்காங்க. நான் டீம்ல ஆடுறேன்னு வீட்ல சொல்லிட்டேன். நீ கொஞ்சம் நில்லேன்."

அவன் மேலே பார்த்தான். "அட, ஒன்னியத்தான் பாத்துக்கினு கீறாங்க. இப்போ ஓடுனா ரெண்டு பொய் ஆயிடும். நில்லு."

நின்றேன். முதல் செட்டை ஏற்கெனவே ஜெயித்திருந்தோம்; இரண்டாவதைத் தோற்றோம். மூன்றாவதை ஜெயித்தோம், தங்கவேல் என் தோளில் ஏறினான். மேல் வரிசையில் அம்மா பதறி எழுந்து நின்றுவிட்டாள். நான்காவது கைவிட்டுப் போனது. ஆளுக்கு இரண்டு செட். ஐந்தாவது செட்டுக்குக் கொஞ்சம் இடைவேளை விட்டபோது அத்தையின் குரல் கேலரியின் உச்சியிலிருந்து இறங்கி வந்தது.

"ஏய்யா கணேசு! நீ எப்பய்யா பந்து அடிக்கப் போற? பொழுது அடையுதுல்லா!"

கேலரியே சிரித்தது. "பெரிம்மா, இவரு அடிச்சா பந்து ஒடஞ்சிரும், அதான் வுடல!" என்று ஒருவன் கத்தினான். என் காது கொதித்தது.

ஐந்தாவது செட் கயிறு இழுப்பதுபோலப் போனது. அந்தக் காலத்தில் சர்வீஸ் போடுகிற பக்கத்துக்குத்தான் புள்ளி; பதினைந்து எடுத்தால் ஆட்டம் முடிந்தது. எதிரணி பதினான்கு, நாங்கள் பதின்மூன்று, சர்வீஸ் அவர்கள் கையில். ஒரே பந்தில் எல்லாம் முடிந்துவிடலாம். நான் வலது கையை உயர்த்தி உள்ளங்கையை விரித்தேன். அவ்வளவு கத்திய கேலரி அப்படியே அடங்கியது. மைதானத்துக்கு வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்ததுகூடக் கேட்டது.

அப்போது எழுந்தது குலவை.

எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் பூசாரி தட்டில் சூடம் ஏற்றிக் கையைத் தலைக்கு மேல் உயர்த்துவார். மேளம் சட்டென்று நிற்கும். அந்த அமைதியில்தான் பெண்கள் குலவை போட வேண்டும். போடாமல் விட்டால் குற்றம். நான்கு செட்டாக என் கை உயர்வதையும் கூட்டம் அடங்குவதையும் அத்தை பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். கடைசியில் யாருமே போடவில்லையே என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. வாயருகே கையை வைத்து, நாக்கைச் சுழற்றி, ஐம்பது வருஷப் பழக்கத்தோடு ஒரு குலவை விட்டாள். மயிலாப்பூர் மாடவீதிவரை கேட்டிருக்கும். அம்மாவும் கூடச் சேர்ந்துகொண்டாள்.

கேலரியின் முகங்கள் எனக்குச் சொல்லிவிட்டன: பந்து வலையில் விழுந்துவிட்டது.

எதிரணிக்காரர்கள் கூச்சலிட்டார்கள். நடுவர் உயரமான நாற்காலியிலிருந்து இறங்கி வந்தார். "யாருய்யா அது? சத்தம் போட்டது எந்த காலேஜ் ஆளு?"

கேலரியில் யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. நான் பேசாமல் இருந்திருந்தால் சர்வீஸ் எங்களுக்கு வந்திருக்கும். எங்கள் கேப்டன் ராஜகோபாலன் என்னை முறைத்து, வாயை மூடு என்று கண்ணால் சொன்னான். மேலே பார்த்தேன். அத்தை, தான் செய்தது முறைதானே என்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"எங்க அத்தை சார்," என்றேன். "கூட எங்க அம்மா. நான் கை தூக்கினதை சாமிக்கு சூடம் காட்டுறதுன்னு நினைச்சுட்டாங்க. தப்பு எங்க பக்கம். அவர் திரும்ப சர்வீஸ் போடட்டும் சார்."

நடுவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விசில் ஊதினார். மறுபடி சர்வீஸ். நான் கையை உயர்த்தும் முன் மேல் வரிசையைப் பார்த்து, வாயில் விரல் வைத்துக் காட்டினேன். அம்மா தலையாட்டிவிட்டு அத்தையின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பந்து போனது. தலைகள் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம். ஏழெட்டு முறை வலையைத் தாண்டியிருக்கும். நானூறு முகங்களிலும் பந்து ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவின் முகத்தில் மட்டும் ஓடவில்லை. அவள் தலை அசையவே இல்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு செட்டும் அப்படித்தான் பார்த்திருப்பாள் என்று அப்போதுதான் உறைத்தது.

பிறகு நானூறு முகவாய்களும் தொங்கின. தோற்றுவிட்டோம்.

ராஜகோபாலன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தங்கவேல் மட்டும் முதுகில் அறைந்தான். "இன்னா நைனா, கப்பைத் தட்டுல வெச்சுக் குடுத்துட்டியே! போவட்டும். ஒங்க அத்தைக்கு காலேஜ்ல ஒரு சீட்டு வாங்கிக் குடு. பார்ட்டில அஞ்சு பேரும் தேவையில்ல, அது ஒண்ணு போதும்."

மூன்று பேரும் பல்லவன் பஸ்ஸில் தி. நகர் வந்து சேர்ந்தோம். கடையில் அப்பா பில் போட்டுக்கொண்டே நிமிர்ந்தார்.

"எப்படி ஆடுனான்?"

அம்மா என்னைப் பார்த்தாள். அவள் பொய் சொல்வாள் என்று தெரிந்தது. சொல்ல விடவில்லை.

"நான் ஆடலப்பா. டீம்லயே இல்ல. ஆடுறவங்களுக்காகக் கூட்டத்தைக் கத்த வைக்கிறதுதான் என் வேலை. ஆறு மாசமா பொய் சொல்லிட்டேன்."

அப்பா பேனாவை மூடினார். வாங்க வந்திருந்தவர்கள் குத்துவிளக்கைத் தட்டிப் பார்ப்பதை நிறுத்தினார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

அத்தைதான் பேசினாள். "ஏ தம்பி, இவன் ஒத்தக் கையைத் தூக்குதான். நானூறு பயலுவ வாயை மூடுதானுவ. இறக்குதான், அம்புட்டுப் பேரும் கத்துதானுவ. நம்மூர்ப் பூசாரிக்குக்கூடக் கூட்டம் இப்படி அடங்காது."

"எல்லாரும் மூடுனானுவளா?"

"எல்லாரும்தான். நான்தான் மூடல."

அப்பா என் பக்கம் திரும்பினார். பட்டணம் வந்த புதிதில் அவர் இதே தெருவில் தலையில் பாத்திரக் கூடையோடு கூவிக்கொண்டு நடந்தவர். கூப்பிட்டால் யார் திரும்புவார்கள், யார் திரும்பமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"ஞாயித்துக்கிழமை காலையில கடை வாசல்ல வந்து நில்லு," என்றார். "இந்தக் கூட்டத்தை உள்ள கூப்பிடு, பாப்போம். மத்த நாளு சாயங்காலம் உன் காலேஜுக்கே போ. இனிமே பொய் சொன்னா காலை ஒடிச்சுப்போடுவேன்."

மறுநாள் காலை நான் எழுந்தபோது குரல் அடியோடு போயிருந்தது. சமையலறையில் வழக்கம்போல உளுந்தங்களி மூன்று உருண்டை இருந்தது. "அந்தப் பையன் பூதம் மாதிரி உன் தோள்ல ஏறுதானே, உரம் வேண்டாமா?" என்றாள் அம்மா. பிறகு கூடவே ஒரு டம்ளரை நகர்த்தி வைத்தாள். பால், பனங்கற்கண்டு, தட்டிப்போட்ட மிளகு.

"இது தொண்டைக்கு," என்றாள்.