தொட்டி எதிரில்

வீடு மாறிய மூன்றாம் நாள் காலையில், தண்ணீர்த் தொட்டி செண்பகவல்லியைக் கண்டுபிடித்துவிட்டது.

ஜன்னலைத் திறந்தாள். எதிரே நான்கு கால்களில் நின்றது. அறுபதாயிரம் லிட்டர். அதே பாசி, அதே ஒழுகல். பழைய தெருவிலிருந்து பதினோரு கிலோமீட்டர் நடந்து வந்த களைப்பு அதனிடம் தெரியவில்லை.

தப்பு அவளுடையதுதான். குளத்தில் திருட்டு மண் அள்ளும் லாரிகளின் நம்பர்களை ஊருக்குச் சொல்ல ஓர் இணையதளம் தொடங்கினாள். தளத்தில் எங்கேயும் தன் பெயரைப் போடவில்லை. ஆனால் அதைப் பதிவு செய்த படிவத்தில் பெயர், கதவு எண், போன் எல்லாம் எழுதினாள். சும்மா இருக்காமல் ‘தண்ணீர்த் தொட்டி எதிரில்’ என்றும் சேர்த்தாள். கூரியர்காரருக்கு எழுதிப் பழகிய கை. அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது அவளுக்குத் தெரியாது.

லாரிக்காரர் கொம்பையா பார்த்துவிட்டார்.

“தொட்டிக்கு எதுத்தாப்லதானம்மா?” என்று போனில் கேட்டார். ரொம்ப அன்பாக.

அன்றே அந்தப் பழைய வீட்டைக் காலி செய்தாள். கொம்பையா அவள் முகத்தைப் பார்த்ததில்லை. அது ஒன்றுதான் மிச்சம்.

ஜன்னலை மூடிவிட்டு, பதிவேட்டில் இருப்பதை மறைக்கச் சொல்ல இணையதளப் பதிவு அலுவலகத்துக்குப் பஸ் ஏறினாள். தொட்டி பின்னாலேயே வந்தது. சிக்னலில் அதுவும் நின்றது.

மறைப்புப் பிரிவு வராந்தாவின் கடைசியில். போகப் போக வராந்தா வளர்ந்தது. நடுவில் ஒரு டீக்கடை வந்தது. குடித்துவிட்டு நடந்தாள்.

“பேர்?” என்றார் குமாஸ்தா.

“அதைத்தான் சார் மறைக்கணும்.”

“சொன்னாத்தானம்மா மறைக்க முடியும்? சத்தமா.”

சொன்னாள். வரிசையில் நின்ற நாற்பது பேரும் எழுதிக்கொண்டார்கள்.

“இவங்க எதுக்கு சார் எழுதுறாங்க?”

“எந்தப் பேரை வெளிய சொல்லக் கூடாதுன்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாமா?”

முத்திரை குத்தினார். பெயர் போய்விட்டது. பல் பிடுங்கிய இடத்தைத் தேடுவதுபோல் அவள் நாக்கு தேடிப் பார்த்தது. காலி.

“இனி பதிவேட்டுல எங்க ஆபீஸ் பேர்தான் இருக்கும். போன், கதவு எண், எல்லாம் எடுத்தாச்சு.”

“தொட்டி?”

“அது நகராட்சிச் சொத்தும்மா. நாங்க கை வைக்க முடியாது.”

வாசலுக்கு எதிரே தொட்டி நின்றது. அதன் நிழலில் ஒரு லாரி. லாரியில் சாய்ந்து வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர். தொட்டியின் பின்னாலேயே வந்திருக்கிறார். வெளியே வருகிறவர்களை ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டிருந்தார். அந்த அன்பான குரலை அவளுக்குத் தெரியும்.

“பேரு என்னம்மா?”

“இல்லை அண்ணாச்சி.”

“அட, உங்களுக்குமா? காலையில இருந்து பேரில்லாத ஆளாத்தான் வருது.” கொம்பையா சலித்துக்கொள்ளவில்லை. “ஒண்ணு செய்ங்க. எல்லாரும் ஒவ்வொருத்தரா அந்த முக்கு வரைக்கும் நடந்து காட்டிட்டுப் போங்க.”

அவளுக்கு முன்னால் நின்றவர் நடந்தார். தொட்டி அசையவில்லை. அடுத்து ஒரு கண்ணாடிக்காரப் பெண் நடந்தாள். அசையவில்லை.

“ம். நீங்க?”

“கால் வலிக்குது அண்ணாச்சி.” அவள் படியில் உட்கார்ந்தாள்.

“உட்காருங்க, உட்காருங்க. எனக்கென்ன அவசரம்?”

அவருக்குப் பின்னால், அவளுக்கு எதிரில், நான்கு கால்களையும் மெதுவாக மடக்கி, கொஞ்சமும் தளும்பாமல், தொட்டியும் உட்கார்ந்தது.